நெட்டையன், தூக்கி, உருட்டி

1958-ஆம் வருடம் தென்காசியில் யாரிடமாவது, "கிளப் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், காபி கிடைக்கும் கடையைத்தான் காட்டுவார்கள். கிளப் என்றால் காபி கிளப். அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஜெபமலரின் அப்பா ஏசுவடியானுக்கும் தோன்றவில்லை. அதனால்தான் வம்பு வந்தது.

அவருக்குக் குற்றாலத்தில் சொந்தமாக ஒரு காபி கிளப் வைக்க ஆசை. ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்திருந்தார். அந்தச் சமயத்தில், சீமைக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்காரரின் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஆணி அடித்த ஒரு நீளப் பெட்டியைக் காட்டி, "கிளப் செட், முழு செட்" என்று ஏலக்காரர் கூவினார். அப்பா சட்டென்று கையைத் தூக்கிவிட்டார். பாய்லர், டம்ளர், டவரா எல்லாம் ஒரே பெட்டியில் கிடைத்துவிட்டதாக அவருக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், உள்ளே நீள நீளமான கம்புகள். சிலவற்றின் நுனியில் மரக்கட்டை, சிலவற்றின் நுனியில் இரும்புப் பட்டை. அடியில் கொஞ்சம் வெள்ளைப் பந்துகள் கிடந்தன.

அம்மா சுகிர்தம் ஒரு கம்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எதை வச்சுக் காபி ஆத்தப் போறிய?" என்று கேட்டாள்.

மறுநாள் அப்பா பள்ளிக்கூட வாத்தியாரிடம் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது கோல்ஃப் என்ற விளையாட்டாம். அந்தக் கம்புக்கும் கிளப் என்றுதான் பெயராம். "பந்தை அடிச்சுக் குழியில போடணும்" என்றார் வாத்தியார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. ஏலத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

கடைசியில் அம்மா தன் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தாள். கடை திறந்தது.

சாரல் வந்தது, குளிர்காற்று வந்தது, ஊரெல்லாம் கூட்டம் வந்தது. அப்பாவின் கடைக்கு மட்டும் யாரும் வரவில்லை. கடை ஒரு வளைவில் தனியாக இருந்தது. வண்டிகள் நிற்காமல் நேராக ஐந்தருவிக்கே போய்விட்டன.

"இந்தச் சனிக்கிழமையும் இப்படியே போச்சுன்னா கடையைப் பூட்டிருவோம். நான் மெட்ராசுக்குப் போயி ஏதாவது ஓட்டல்ல வேலைக்கு நிக்கேன்" என்றார் அப்பா.

அது ஜெபமலரின் காதில் விழுந்தது. மெட்ராசுக்குப் போனால் அப்பா கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார். அதுவும் லீவு கிடைத்தால்.

கடைக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம் உண்டு. அவளும் அவளோடு ஆறாம் வகுப்பு படிக்கும் துல்கர்னைனும் அங்கே ஒரு தேங்காய்ச் சிரட்டையை மண்ணில் புதைத்து, அந்தக் கம்புகளால் விளையாடிப் பழகியிருந்தார்கள். துல்கர்னைன் எல்லாவற்றுக்கும் பெரிய கம்பைத்தான் எடுப்பான். பாதிப் பந்துகளை ஓடையில் தொலைத்தவன் அவன்தான். ஜெபமலர் ஒவ்வொரு கம்பாக அடித்துப் பார்த்தாள். எது என்ன வேலை செய்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்கேற்ற மாதிரி பெயரும் வைத்தாள். கட்டைத் தலை உள்ளது நெட்டையன். முகம் சாய்ந்த இரும்பு தூக்கி. முகம் நேராக இருப்பது உருட்டி.

சனிக்கிழமை காலையில் அவள் கம்புகளோடு சாலை ஓரத்துக்கே வந்துவிட்டாள்.

"இங்கன எதுக்குட்டி?" என்றான் துல்கர்னைன்.

"ரோட்டுல போறவங்க வேடிக்கை பார்க்க நிப்பாங்கலே."

"நின்னா?"

"நின்னா காபி வாசம் அடிக்கும்லா."

கொஞ்ச நேரத்தில் மதுரையிலிருந்து ஒரு சுற்றுலா பஸ் வந்தது. ஜெபமலர் அடித்த பந்து புல்வெளியின் மேல் பறந்தது. அதைப் பார்த்து உள்ளே இருந்தவர்கள் கத்த, பஸ் நின்றது. தலை நிறைய எண்ணெய் வைத்திருந்த பருமனான ஒருவர் இறங்கினார். அந்தப் பஸ்ஸை ஏற்பாடு செய்தவரே அவர்தான்.

"குடும்மா, நான் அடிக்கிறேன்" என்று நெட்டையனை எடுத்துக்கொண்டார்.

பந்துக்கு முன்னால் ஒரு பாறை. பாறைக்கு அந்தப் பக்கம் சிரட்டை. அவர் ஓங்கி ஒரு அடி அடித்தார். மண் பறந்து அவர் முகத்திலேயே விழுந்தது. பந்து பாறையில் மோதி அவர் காலடிக்கே திரும்பி வந்தது. பஸ் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விட அவருடைய சின்ன மகள்தான் சத்தமாகச் சிரித்தாள்.

அவர் முகம் சிறுத்துவிட்டது. கம்பைக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார். அவர் ஏறினால் பஸ் போய்விடும். அது ஜெபமலருக்குத் தெரியும். ஆனால் அதைவிட, அவரைப் பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது.

"சார், கொஞ்சம் நில்லுங்க. உங்க அடி நல்ல அடிதான். கம்புதான் மாறிப்போச்சு."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நெட்டையன் தூரமா அடிக்கதுக்கு. பாறையைத் தாண்டணும்னா தூக்கிதான் வேணும். மூஞ்சி சாய்ஞ்சிருக்கு பாருங்க. பந்துக்கு அடியில போயி அதை மேல தூக்கிவிடும். மெதுவா அடிச்சாலே போதும், சார்."

அவர் தயங்கித் தயங்கித் தூக்கியை வாங்கினார். மெதுவாகத் தட்டினார். பந்து எழும்பிப் பாறையைத் தாண்டிப் புல்லில் விழுந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"இனிமே உருட்டி" என்று ஜெபமலர் அடுத்த கம்பை நீட்டினாள்.

பந்து உருண்டது. சிரட்டையின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. மகள் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, காலம் காலமாக இதே வேலையாக இருப்பவர் போல நின்றார்.

"நானும் அடிக்கிறேன்" என்று பஸ்ஸில் இருந்த எல்லோரும் இறங்கினார்கள்.

காற்று அந்த நேரம் பார்த்துக் கடைப் பக்கமிருந்து வீசியது. பருமனானவர் மூக்கை உறிஞ்சினார்.

"பஸ்ஸுக்கே காபி போடுங்க" என்றார்.

கடை வாசலில் நின்ற அப்பா அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னத்தப் பார்த்துக்கிட்டு நிக்கிய? பாலை ஏத்துங்க" என்று அம்மா முழங்கையால் இடித்த பிறகுதான் அவர் நகர்ந்தார்.

டம்ளர் போதவில்லை. ஆனால் யாரும் கோபப்படவில்லை. டம்ளருக்குக் காத்திருந்தவர்கள் பந்து அடித்தார்கள். கம்புக்குக் காத்திருந்தவர்கள் காபி குடித்தார்கள். நிற்கும் பஸ்ஸைப் பார்த்து இரண்டு கார்களும் நின்றன. துல்கர்னைன், "பாறைக்கு நெட்டையனை எடுக்காதிய" என்று பெரிய ஆள் மாதிரி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே திரும்பியபோது, அந்தப் பஸ் இன்னொரு தடவையும் நின்றது.

சாயங்காலம் பால்காரர் இசக்கியப்பன் வந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கோட பாலை நிறுத்தச் சொன்னியளே. நிறுத்திரட்டா?"

அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நிறுத்தவா? நாளைக்குக் கோயில்ல ஆராதனை முடிஞ்சதும் கடை உண்டு. இன்னைக்கு ஊத்தினதுக்கு ரெண்டு பங்கு கொண்டாரும்" என்றார்.

ஜெபமலர் கழுவிய டம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். மெட்ராஸ் அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.