பிரான்க்ளின் வைத்திருந்த பெயர்

பதில் வந்திருந்தது. அதை யார் அனுப்பியிருக்க முடியும் என்பதுதான் கமலவேணிக்குப் புரியவில்லை.

குருபோங் தொழிற்பேட்டையில் பிரம்பு நாற்காலி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தம்புசாமியின் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு வெப்சைட் இருந்தது. தொண்ணூற்றெட்டில் அந்த வட்டாரத்துக்கே அது புதுசு. அதை உருவாக்கியவன் பிரான்க்ளின். வெப்சைட்டின் விலாசமான டொமைன் பெயரை அமெரிக்காவிலிருந்த பதிவு நிலையத்தில் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தான். கம்பெனியில் வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாததால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. போன மாதம் தங்கா பத்து கடலில் குளிக்க இறங்கியவன் மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். பெட்டியைத் திறந்து காட்டாமலே புதைத்தார்கள்.

இப்போது டொமைனைப் புதுப்பிக்க வேண்டிய கெடு நெருங்கியிருந்தது. விட்டால் பெயர் கைநழுவிப் போகும். ஹாலந்து ஆர்டர்களும் கூடவே போகும். அதைக் கமலவேணியின் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பம் அனுப்பியிருந்தார்கள். பழைய உரிமையாளரின் இ-மெயிலிலிருந்து சம்மதம் வர வேண்டும் என்பது பதிவு நிலையத்தின் சட்டம். அந்த இ-மெயிலிலிருந்துதான் பதில் வந்திருந்தது.

ஒரே சொல். நோ.

"அவன் வீட்டுல யாரோ கம்ப்யூட்டர நோண்டுறாங்க லா," என்றார் தம்புசாமி. "நீ ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாம்மா. அந்தம்மாகிட்ட பக்குவமா பேசு. அங்கேயே உட்கார்ந்து யெஸ்ஸுன்னு ஒரு பதில் போட்டுட்டு வந்துடு."

"போறேன் பாஸ்," என்றாள் கமலவேணி. மூன்று வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவனின் வீடு. அவளுக்குத் தயக்கமாகத்தான் இருந்தது.

தங்கா பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை. வேலியோரத் தென்னைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. கடல் கண்ணில் படவில்லை. ஆனால் சேறும் உப்பும் அழுகிய சிப்பியும் கலந்த அதன் வாடை, ஈரத் துணியை மூக்கில் வைத்து அழுத்தினாற்போல வாசல்வரை கூடவே வந்தது. அருளம்மாள் கதவைத் திறந்தாள். பிரான்க்ளினின் அம்மா. மகனைப் புதைத்த அன்று பார்த்ததைவிடப் பாதியாக இளைத்திருந்தாள்.

"வாம்மா கமலா. ஆபீஸ்லேருந்தா நேரா வர்ற?"

"ஆமா ஆன்ட்டி. அவரோட கம்ப்யூட்டர்ல கம்பெனி சம்பந்தமா ஒரு சின்ன வேலை. வீட்டுல வேற யாராவது அதைத் தொடுறாங்களா?"

"யாரு இருக்கா தொட? அந்த ரூம பூட்டியே வச்சிருக்கேன்." அருளம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "போன் லைனயும் வெட்டச் சொல்லிட்டேம்மா. ஆள் ஆளா அவன கேட்டுப் போன் அடிக்கிறாங்க. எத்தன பேருக்குச் சொல்றது, அவன் இல்லன்னு?"

கமலவேணி பூட்டிய கதவைப் பார்த்தாள். லைன் இல்லாமல் இ-மெயில் எப்படிப் போகும்? வேறு கம்ப்யூட்டராக இருக்கும், அவனுடைய கூட்டாளி யாருக்காவது பாஸ்வேர்டு தெரிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வந்தது வந்தாயிற்று. பார்த்துவிட்டாவது போகலாம்.

அறையைத் திறந்துவிட்டு அருளம்மாள் சமையலறைக்குப் போனாள். பூட்டிக் கிடந்த அறையில் தூசி நாற்றம் இருக்க வேண்டும். இங்கே கடல் நாற்றம் இருந்தது. ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் இறுக மூடியிருக்க, சுவரில் தொங்கிய மாதா படத்தின் கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்திருந்தது. மேசைக்கு அடியில், கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் மோடத்தின் வயர் சுருண்டு கிடந்தது. அதன் மறுமுனை சுவரில் சொருகப்படாமல் தரையில் நீட்டிக்கொண்டிருந்தது. அதை இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டாள். கார் சாவியைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஸ்விட்சைத் தட்டினாள்.

திரை மெல்ல வெளுத்தது. விசிறி சுழலும் சத்தம். பிறகு, யாரும் தொடாமலே, மோடம் டயல் செய்யத் தொடங்கியது.

டிக் டிக்கென்று எண்கள் விழுந்தன. அப்புறம் அந்தக் கீச்சுச் சத்தம். தினமும் ஆபீசில் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன சத்தம்தான். ஆனால் இங்கே அது முடியவில்லை. இழுத்துக்கொண்டே போய், கரகரத்து, நடுவில் அடைத்து, மறுபடி எழுந்தது. நிறைய தண்ணீர் குடித்துவிட்ட ஒருவன் மூச்சுக்குத் தவிப்பதைப் போல. கமலவேணி குனிந்து வயரைப் பிடித்துப் பார்த்தாள். அதன் முனை ஈரமாக இருந்தது.

சத்தம் நின்றது. லைன் கிடைத்துவிட்டது.

அவனுடைய மெயில் பெட்டி தானாகத் திறந்தது. மேலே பதிவு நிலையத்தின் கேள்வி. இந்த டொமைனைக் கமலவேணிக்கு மாற்றச் சம்மதமா? கீழே அவன் அனுப்பிய நோ. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதற்கும் கீழே, நிதானமாக ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது.

யெஸ்.

"ஆன்ட்டி," என்று கூப்பிட்டாள். சமையலறையில் கரண்டி சட்டியில் உரசும் ஒலி மட்டும் கேட்டது. தூரத்துச் சூராவில் மாலைத் தொழுகைக்கான பாங்கு தொடங்கியது. அறைக்குள் வெளிச்சம் சட்டென்று வடிந்து, திரை மட்டும் மீன் வயிறு போல வெளுத்து நின்றது.

இன்னொரு மெயில் வந்தது. அதே பதிவு நிலையம், அதே வாசகம். ஆனால் இது அவளுக்கு.

இப்போதைய உரிமையாளர்: கமலவேணி. பெறுபவர்: பிரான்க்ளின். மாற்றப்படும் பெயர்...

நாற்காலிக் கம்பெனியின் விலாசம் அங்கே இல்லை. புள்ளியும் இல்லை, காமும் இல்லை. அவளுடைய பெயர் மட்டும் இருந்தது. அப்பா பெயரோடு, பிறப்புப் பத்திரத்தில் இருக்கிற மாதிரியே.

சம்மதமா?

ஸ்விட்சை அமுக்கினாள். அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். விசிறி சுற்றிக்கொண்டேயிருந்தது. எழுந்து ஓடவேண்டும் என்று நினைத்தாள்; கால்கள் நினைக்கவில்லை. தரை குளிர்ந்தது. பாதத்துக்கு அடியில் நறநறவென்று மணல். கீபோர்டின் சந்துகளிலிருந்து தண்ணீர் ஊறி அவள் விரல்களை நனைத்தது.

நோ என்று அடித்தாள். வேண்டுமென்றே அழுத்தி, எழுத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தாள்.

திரையில் யெஸ் என்று விழுந்தது.

அழித்தாள். மறுபடி அடித்தாள்.

யெஸ்.

மெயில் போய்விட்டது. நன்றி, மாற்றம் முடிந்தது என்று பதில் வந்தது. அதன்பின் திரை இருண்டது.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பாங்கு ஓய்ந்திருந்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாவியை எடுக்கக் கையை நீட்டினாள். மேசையில் சாவி இல்லை.

ஹாலில் பேச்சுக் குரல்.

"அப்போ நான் கிளம்பறேன் ஆன்ட்டி. வேலை முடிஞ்சது."

"சாப்பிட்டுப் போயேம்மா."

"இன்னொரு நாளைக்கு வர்றேன். அம்மா தேடுவாங்க."

அது அவள் குரல். கடைசிச் சொல்லை லேசாக இழுப்பதுகூட அவள் இழுப்புத்தான்.

வெளியே கார் உறுமியது. ஜன்னலுக்குப் பாய்ந்து கண்ணாடிப் பட்டைகளை விலக்கினாள். அவளுடைய சின்ன வெள்ளைக் கார் பின்னால் நகர்ந்து, மண் சாலையில் திரும்பியது. உள்ளே விளக்கு ஒரு கணம் எரிந்தது. அவள் காலையில் போட்ட அதே மஞ்சள் சுடிதார். அதே கிளிப். ஓட்டிக்கொண்டிருந்தவள் கண்ணாடியில் முகம் பார்த்து நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கமலவேணி கத்தினாள்.

குரல் வரவில்லை. தண்ணீர் வந்தது. கரிக்கும் கடல் தண்ணீர், வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும், நிற்காமல். ஜன்னல் விளிம்பைப் பற்றியிருந்த கைகளைப் பார்த்தாள். அகலமான ஆண் கைகள். நீரில் ஊறி உப்பி வெளுத்து, நகங்கள் பாதி கழன்றவை.

பின்னால் கதவு திறந்தது. சோற்று மணம். அருளம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவளுக்குத் துளி பயமும் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியாப்பா," என்று சொல்லி, சொட்டச் சொட்ட நின்ற தலையைத் தன் பக்கம் இழுத்துத் துவட்டத் தொடங்கினாள். ஈரத்தோடு கொத்துக் கொத்தாக முடியும் துண்டில் வந்தது. அதை உதறிவிட்டு, அவள் மறுபடி துவட்டினாள்.