கறுப்பு பெயின்ட் அடித்த வெள்ளி

ஏழாவது தடவை அப்பாவுக்குப் போன் போட்டேன்.

ரிங் கேட்டது... மூடியிருந்த லிஃப்ட் கதவுக்குப் பின்னால், கீழே குழியிலிருந்து.

வாட்ச்மேன் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். என்னை எட்டிப் பார்க்க விடவில்லை.

நான் போனை அணைக்கவில்லை. ரிங் போய்க்கொண்டே இருந்தது.

அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்றுவிட்டது என்று வாட்ச்மேன் கூப்பிட, சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்.

நிறுத்தியது யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன், ஊரில் கம்பெனிகள் வரிசையாக மூடிய நேரம். ஓய்வுக்காலக் கணக்கிலிருந்த பணம் முழுவதையும் அப்பா எடுத்துவிட்டார். இருபத்தாறு வருஷச் சேமிப்பு, ஒரே கையெழுத்தில்.

"பேப்பர்ல இருக்கறது பணமா பாப்பா? தொட்டுப் பாத்தா கனக்கணும்."

வெள்ளி வாங்கினார். பலகை பலகையாக வார்த்து, கறுப்பு பெயின்ட் அடித்தார்.

லிஃப்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சட்டத்தில், சமஎடைக்காக இரும்புப் பலகைகள் அடுக்கியிருக்கும். பெட்டி மேலே போனால் அது கீழே வரும். அந்தக் கட்டடத்து லிஃப்டில் நாலு இரும்பை உருவிவிட்டு, நாலு வெள்ளியைச் செருகினார்.

"நம்ம சொத்து நாள் பூரா ஏறி இறங்குது. பாங்க்ல போட்டா சும்மா தூங்கும்."

என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

நான் சித்தப்பாவிடம் சொன்னேன். அப்பாவின் தம்பி, ஹெல்ப்பராகக் கூடவே வேலை பார்த்தவர். 'உங்கப்பன் ஏமாளி, இருந்ததையும் தொலைச்சுட்டான்' என்று சிரித்தார். பொறுக்கவில்லை. அப்பாவின் சாமர்த்தியத்தைப் புட்டுப்புட்டு வைத்துவிட்டேன்.

பத்தொன்பது நாள் பொறுத்து, சித்தப்பா மூன்றாவது மாடியில் லிஃப்டை நிறுத்திப் பலகைகளை உருவியிருக்கிறார். அப்பா மேலே ஏறி வந்து பார்த்துவிட்டார்.

சாயங்காலமே சித்தப்பா பிடிபட்டார். வெள்ளி உருக்கும் பட்டறையில் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தால்... இரும்பு! பட்டறைக்காரர் சந்தேகப்பட்டுப் போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார்.

ஸ்டேஷனில் சித்தப்பா தலை நிமிரவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"அண்ணன் சிரிச்சான் சார். 'எடுத்துக்கோடா, அது இரும்பு'ன்னான். பொய் சொல்றான்னு நெனச்சேன். கையில இருந்த பலகையோட அவனைக் குழிக்குள்ள தள்ளிட்டேன்."

இன்ஸ்பெக்டர் அப்பாவின் பர்ஸிலிருந்த சீட்டை மேஜையில் விரித்தார். வெள்ளியை விற்று, பணத்தைப் பழைய கணக்கிலேயே திரும்பப் போட்ட ரசீது. வாரிசு என்ற இடத்தில் என் பெயர்.

தேதியைப் பார்த்தேன். நான் சித்தப்பாவிடம் உளறியதற்கு மறுநாள்.

அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று ராத்திரியும் வழக்கம்போல என் தலையில் தட்டி, 'படுத்துத் தூங்கு' என்றார்.

"சொத்து இருந்த இடத்தைச் சொன்னவரு, அதை வித்துட்டேன்னு ஏம்மா உங்கிட்ட சொல்லல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக.

சொல்லியிருந்தால் அதையும் சித்தப்பாவிடம் உளறியிருப்பேன். அப்பா உயிரோடு இருந்திருப்பார்.

என் வாய்க்குப் பயந்து சொல்லாமல் விட்டாரா, இல்லை... இரும்பு தானே, போனால் போகட்டும் என்று விட்டாரா?