நான்காவது மூலையில் வெள்ளைத் துணி

காலை 6.40. தலத்தெரு குஸ்திக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் நீலகண்டன் இறந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. மேடையின் நான்காவது மூலையில் கயிறு கொக்கியோடு கழன்று தொங்கியது.

பினாங்கு மல்லர்கள் கப்பலேறி வந்து மோதிய கொட்டகை. ஐம்பது வருடம் ஓடிவிட்டது. வரும் ஞாயிறு கடைசிக் காட்சி, திங்கள் இடிப்பு. முதலாளி நீலகண்டன் அறுபத்தாறு வயதிலும் தினம் ஆறு மணிக்கு மேடையேறி, கயிற்றில் முதுகை மோதித் துள்ளிப் பழகுவார்.

“கயிறு பழசுங்க மேடம்,” என்றார் சந்தனசாமி. முன்னாள் மல்லர். இப்போது மணியடிப்பவர், ஜாகையும் கொட்டகையிலேயே. வலது கை உயிரற்றுத் தொங்கியது. பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார்.

இன்ஸ்பெக்டர் மங்கையர்க்கரசி, மேடை கட்டும் ஜாக்சனிடம் திரும்பினார்.

“நேத்து நீங்கதானே கட்டுனீங்க?”

“மூணு மூலைதாங்க முறுக்கினேன். நாலாவதுல நட்டு தேஞ்சுபோச்சு. சும்மா மாட்டி வச்சுட்டு, காலைல புது நட்டோட வந்தேன். இப்புடிக் கெடந்தாரு.”

“முதலாளிகிட்ட சொன்னீங்களா?”

“சொல்லவே வேணாங்க. முறுக்குன மூலையிலதான் வெள்ளத் துணி கட்டுவோம். துணி இல்லாத கயித்துல எந்த மல்லனும் சாயமாட்டான்.”

நான்காவது கம்பத்திலும் துணி இருந்தது.

ஜாக்சனுக்கு முகம் வெளுத்தது. “சத்தியமா நான் கட்டலங்க!”

மங்கையர்க்கரசி நான்கு முடிச்சுகளையும் தொட்டுப் பார்த்தார். மூன்று ஒரே மாதிரி இரட்டை முடிச்சு. நான்காவது ஒற்றை, துணியின் ஒரு நுனி கசங்கி, பல் பதிந்து ஓட்டையாகியிருந்தது.

7.25.

“ஜாக்சனுக்கு ரெண்டு கை இருக்கு. துணியக் கடிச்சு இழுத்துக் கட்ட வேண்டியதில்ல. நீங்கதான் கட்டியிருக்கீங்க, சந்தனசாமி.”

சந்தனசாமி வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

“தொண்ணூத்தெட்டுல, இதே மேடை. நான் தோக்கணும்னு முன்னாடியே பேசி வச்ச ஆட்டம். எதிர்ல முதலாளி. அவரு என் கைய முறுக்கணும். நான் மூணு தட்டு தட்டுனா உடனே விட்டுடணும். தட்டினேன். சனம் விசிலடிக்குதேன்னு இன்னும் முறுக்கினாரு.”

“அதுக்கு இத்தன வருசம் கழிச்சா?”

“நாளைக்கு, நாளைக்குன்னு மணியடிச்சுக்கிட்டே இருந்துட்டேன் மேடம். திங்கக்கெழம இடிச்சுட்டா, அப்பறம் எங்க வச்சு அவர விழவைக்கிறது?”

“விழுந்ததும் உயிர் போயிடுச்சா?”

“இல்ல. என்னப் பாத்தாரு. தரையில மூணு தட்டு தட்டுனாரு.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“நான் விசிலடிச்சேன்,” என்றார் சந்தனசாமி.