கடலுக்கு ஒரு நுரைவாங்கி

செவ்வாய்க் கோளின் நெய்தல் குடியிருப்பில் காலையில் கண் விழித்ததும் எல்லாரும் முதலில் செய்கிற வேலை, கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கடலுக்குச் சோறு ஊட்டுவதுதான். பல் துலக்குவதெல்லாம் அப்புறம்.

கடல் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கண்ணாடித் தொட்டியில் இருநூறு லிட்டர் உப்புத்தண்ணீர், இரண்டு கோமாளி மீன், நடுவே ஒரு கல், கல்லின் மேல் சுண்டுவிரல் பருமனில் ஒரு பவளக்கன்று. கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும் கடல்துறை ஒரு கன்று கொடுக்கும். ஐந்நூறு நாள் உயிரோடு வளர்த்துக் காட்டினால், குடியிருப்பின் சரிவுக்குக் கீழே நாற்பது வருடமாக நிரப்பிக்கொண்டிருக்கும் புதுக்கடலில் அதை நடுவார்கள். கரைக்கல்லில் குடும்பப் பெயரைச் செதுக்குவார்கள். செத்துப்போனால் மறுகன்று உண்டு. ஆனால் மூன்றோடு சரி.

பெர்பெத்துவுக்கும் இன்னாசிக்கும் இது மூன்றாவது. ராசாத்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். முந்தைய இரண்டும் வெளுத்து, உதிர்ந்து, கல்லோடு கல்லாகிப் போனதற்குக் காரணம், இன்னாசியின் அண்ணன் கல்யாணப் பரிசாகக் கொடுத்த பழைய நுரைவாங்கி.

நுரைவாங்கி ஒன்றும் பெரிய மாயமில்லை. ஒரு குழாய்க்குள் ஊசிச்சக்கரம் சுற்றும். காற்றைப் பொடிப்பொடிக் குமிழியாக நறுக்கித் தண்ணீருக்குள் விடும். மீன் கழிவும் மிஞ்சிய இரையும் கரைந்த புரத அழுக்கு குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி, உச்சியில் இருக்கும் கோப்பையில் வழிந்து சேரும். தண்ணீர் தெளியும், பவளம் பிழைக்கும். அண்ணன் கொடுத்த சாமானோ நுரையே கக்காமல் இருமிக்கொண்டு கிடந்தது.

"இன்னைக்கே போய் வாங்குதோம்," என்றாள் பெர்பெத்து. அவளுக்கு முந்தின நாளே கால் தரையில் பாவவில்லை. நூற்றுப் பதினாலு மாடல்களின் விமர்சனங்களை மனப்பாடமாக வைத்திருந்தாள்.

கடையில் விற்பனை செய்தது ஓர் இயந்திரம். எல்லாரும் அதை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு கை, அலுக்காத பொறுமை, பொய் சொல்லத் தெரியாத வாய்.

"சத்தம் போடாததா ஒண்ணு காட்டுங்க அண்ணாச்சி," என்றான் இன்னாசி. "தலைமாட்டுல ஓடுது, தூங்க முடியல."

"உங்க தூக்கத்துக்கா கன்னு வளக்கோம்?" பெர்பெத்து ஒரே போடாகப் போட்டாள். "ஐந்நூறு லிட்டர் தொட்டிக்கு உள்ளத எடுங்க அண்ணாச்சி. பெருசா இருந்தா நல்லா இழுக்கும்லா!"

"இழுக்காது அம்மா," என்றது அண்ணாச்சி. "உங்கள் தொட்டியில் இரண்டே மீன். அழுக்கு குறைவு. அளவுக்கு மீறிய கருவியில் நுரை பாதிக் குழாயிலேயே உடைந்து போகும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு மீனே இல்லாத தொட்டிக்கான கணக்கு; அதனால் இருநூறும் போதாது. உங்களுக்கு முந்நூறு போதும். கோப்பை சுலபமாகக் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். கழுவாத கோப்பையில் நுரை ஏறாது."

பெர்பெத்துவுக்கு முகம் சுருங்கியது. அப்புறம் அண்ணாச்சி முந்நூறை ஓட்டிக் காட்டியது. குழாய் முழுக்கப் பால் பொங்குகிற மாதிரி குமிழி! "ஆத்தீ!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள்.

கருவியைப் பொதிந்து கட்டி முடித்ததும் அண்ணாச்சி எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற கடைசிக் கேள்வியைக் கேட்டது. "கோப்பையில் சேரும் அழுக்கை எங்கே கொட்டுவீர்கள்?"

"வெளியதான். வாசல் சாக்கடைல. வேற எங்க?"

"குறித்துக்கொண்டேன்," என்றது அண்ணாச்சி.

புதுக்கருவி பழக நாலு நாள் எடுத்தது. ஐந்தாம் நாள் காலையில் கோப்பை நிறையக் கெட்டியாக, கருகருவென்று, முதல் டிகாஷன் மாதிரி நின்றது. பெர்பெத்து குதித்தாள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நெய்தலில் அதுதான் வழக்கம். காலையில் வாசலில் நின்று அவரவர் கோப்பையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். எவ்வளவு கறுப்போ அவ்வளவு கௌரவம்.

"என்ன பெர்பெத்து, நம்ம வீட்டத விடக் கறுப்பா இருக்கு!" என்றாள் எதிர்வீட்டு ஜெசிந்தா, வயிற்றெரிச்சலை மறைக்கத் தெரியாமல்.

"எல்லாம் ஊசிச்சக்கரத்தோட வேலை!" என்று பெர்பெத்து கோப்பையை ஆசை தீரக் காட்டிவிட்டு சாக்கடையில் கவிழ்த்தாள். ஜெசிந்தாவும் கவிழ்த்தாள். தெரு முழுக்கக் கவிழ்த்தார்கள்.

ராசாத்தி பிழைத்துக்கொண்டாள். பிழைத்தது மட்டுமா? பச்சையும் ஊதாவுமாகக் கிளை விட்டாள். ஐந்நூறாவது நாள் கடல்நடு விழா. பெர்பெத்து புதுச்சேலை கட்டி, தூக்குத்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாள். வண்டி குலுங்கும்போதெல்லாம், "பைய ஓட்டுங்க, ராசாத்திக்கு வலிக்கப் போவுது," என்றாள். இன்னாசி சிரித்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

கரையில் நூறு குடும்பம், நூறு தொட்டி. கடல்துறை அதிகாரி மோத்தா சோதனைக்கோலைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தார். இன்னொரு இடத்தில் நனைத்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"மன்னிக்கணும். ஒரு கன்னையும் நட முடியாது. நட்டா மூணு நாள்ல செத்துரும். தண்ணி முழுக்க அழுக்கு."

பெர்பெத்து தொட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கரைக்கு ஓடினாள். அலையோரம் முழங்கால் உயரத்துக்கு நுரை. கெட்டியாக, கருகருவென்று, முதல் டிகாஷன் நிறத்தில். நாற்றம்கூடத் தினமும் காலையில் முகர்கிற நாற்றம்தான். சாக்கடைகள் எல்லாம் சரிவில் ஓடிவந்து அங்கேதான் முடிந்தன.

"எந்தப் பாவி இங்க கொண்டாந்து கொட்டினது?" என்று அவள் கதறினாள். "விளங்குவானா?"

நூறு குடும்பமும் அதே கேள்வியைக் கேட்டு அதே சாபத்தைக் கொடுத்தது. அரை மணி நேரம் கத்தித் தொண்டை கட்டியதும் ஜெசிந்தாவுக்கு யோசனை உதித்தது. "கடலுக்கும் ஒரு நுரைவாங்கி வச்சா என்ன?"

கூட்டம் கைதட்டியது. யார் தேர்ந்தெடுப்பது? எல்லார் கையும் பெர்பெத்துவை நோக்கி நீண்டது. நுரைவாங்கி விஷயத்தில் ஊரில் அவளை மிஞ்ச ஆள் ஏது! அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்து மாடி உயரக் கருவி, லாரி சக்கரம் அளவு ஊசிச்சக்கரம்! அவளுக்கு மறுபடியும் கால் தரையில் பாவவில்லை. ஊரே அவள் பின்னால் கடைக்கு வந்தது.

"இந்தத் தடவை அளவுக்கு மீறி இருந்தாலும் பரவாயில்ல அண்ணாச்சி!"

"மீறாது அம்மா," என்றது அண்ணாச்சி. "இந்தத் தொட்டியில் அழுக்குக்குக் குறைவில்லை." கருவி முடிவாயிற்று. கோப்பை மட்டும் ஒரு குளம் அளவுக்கு இருந்தது. அண்ணாச்சி கடைசிக் கேள்விக்கு வந்தது. "கோப்பையில் சேரும் அழுக்கை எங்கே கொட்டுவீர்கள்?"

"வெளியதான்," என்றாள் பெர்பெத்து, பழக்கதோஷத்தில்.

"எதற்கு வெளியே?"

அவள் திரும்பி ஊரைப் பார்த்தாள். ஊர் அவளைப் பார்த்தது. பிறகு எல்லாரும் மெல்லக் கண்ணாடிக் கூரை வழியே மேலே பார்த்தார்கள். பொழுது சாய்கிற வானத்தில் நீலமாக ஒரு புள்ளி மினுங்கியது. பூமி. கடல்கள் கெட்டுப்போனதும் தாத்தன்மார்கள் கடைசிப் பவளங்களைக் குப்பியில் எடுத்துக்கொண்டு கிளம்பி வந்த இடம்.

"அங்க இப்ப யாரும் இல்லைல்லா?" என்றாள் பெர்பெத்து.

"குறித்துக்கொண்டேன்," என்றது அண்ணாச்சி.