ஜேசுராஜின் சைக்கிள் கம்பி

உளியை வைத்து முதல் அடி அடித்ததுமே தேவராஜுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. இரும்பை அடித்தால் இரும்புச் சத்தம்தானே வரணும்? இது முத்தின தேங்காயைக் கல்லில் போட்ட மாதிரி, உள்ளே தண்ணி ஆடுகிற மாதிரி கேட்டது. தொப்பியைத் தூக்கிப் பார்த்தான். கீழே பட்டறைக்கல்தான் இருந்தது. ஏரிக்காற்று கொட்டகைக் கீற்றை ஆட்டிக்கொண்டிருந்தது. சரிதான் போ என்று மறுபடியும் உளியை வைத்தான்.

அது ஆனந்தனுடைய இரும்புத் தொப்பி. தேவராஜின் கூடப்பிறந்த தம்பி ஆனந்தன், யுத்தம் முழுக்க அதைத் தலையில் போட்டுக்கொண்டு பர்மாக் காட்டில் கிடந்துவிட்டு, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் பருத்திப்பட்டுக்குத் திரும்பியிருந்தான். முந்தாநாள்தான் வேண்டுதல்படி வேற்காட்டு அம்மன் கோயிலில் அவனுக்கு மொட்டை போட்டார்கள். அண்ணி முத்தம்மாள் தினமும் சந்தனம் அரைத்து அந்த மொட்டையில் பூசிவிட்டாள். தகப்பன் இல்லாத பிள்ளையைத் தேவராஜ்தான் தோளில் போட்டு வளர்த்தான். அவன் போன நாளிலிருந்து அண்ணன்காரன் சரியாகத் தூங்கினதே கிடையாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படிப்பட்டவன் எதற்கு அந்தத் தொப்பியில் ஓட்டை போட்டான்? எல்லாம் பாழாய்ப்போன ரோஷம்.

யுத்தம் முடிந்து ஊருக்குக் கப்பலேறக் காத்திருந்த துரைமார்களுக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. குண்டு துளைத்த தொப்பி வேணும், வீட்டில் மாட்டி வைத்துக் கதை சொல்ல வேணும். ஆவடி டிப்போவில் பேனா பிடித்தே யுத்தத்தை ஓட்டினவனுக்குத்தான் அந்த ஆசை ரொம்ப. தேவராஜ் டிப்போவில் கொல்லுவேலை செய்கிறவன். கழித்துப்போட்ட தொப்பிகளை எடுத்துவந்து, உளியால் துளைத்து, புளியும் உப்பும் தடவித் துரு ஏற்றுவான். வாங்கி விற்பது காட்டுப்பாக்கம் ஜேசுராஜ். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து, குண்டு பட்ட தலைகளுக்குக் கட்டுப் போட்டவன். அவனை ஏமாற்றுவது லேசில்லை.

ஜேசுராஜிடம் ஒரு சைக்கிள் கம்பி இருந்தது. குண்டு நுழைந்த துளையில், கிழிந்த சாய்விலேயே நேராக அதை விட்டு, வெளியேறின துளையில் வருகிறதா என்று பார்ப்பான். தேவராஜ் கொண்டுபோன தொப்பிகளில் ஒருநாளும் வந்ததில்லை. போன வாரம் கடைத்தெருவில் அத்தனை பேருக்கும் நடுவில் தொப்பியைத் தூக்கிக் காட்டினான்.

"இன்னா தேவராஜு, குண்டு வளைஞ்சி வளைஞ்சி போச்சா? அது நேராப் போவும் நைனா. நடுவுல ஒரு தலை கீதே, அதையே காணோமே இதுல."

எல்லாரும் சிரித்தார்கள்.

அதனால்தான் இன்று மத்தியானம் தம்பியிடம், "ஒரு தபா போட்டுக் காட்டுடா, பாப்போம்" என்றான். ஆனந்தனுக்கு மனசில்லை. "அத்த ஒண்ணும் பண்ணிடாதேண்ணா. நான் உசுரோட கீறேன்னா அதாலதான்" என்றான். ஆனாலும் அண்ணன் கேட்டானே என்று போட்டுக்கொண்டான். தேவராஜ் சுண்ணாம்புக் கட்டியால் இடது பொட்டுக்கு மேலே ஒரு புள்ளி வைத்தான். வலது காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி.

"இன்னாண்ணா பண்றே?"

"தூசிடா."

தம்பி கழற்றி வைத்ததும் தொப்பியைக் கொட்டகைக்கு எடுத்துவந்தான். முதல் துளை விழுந்தது. இரண்டாவது குண்டு வெளியேறுகிற துளை, அதை உள்ளேயிருந்து அடிக்க வேண்டும். வியர்வை ஊறின உள்தோலில் உளியை வைத்து ஓங்கி ஒரு போடு போட்டான். அதே நேரத்தில் வீட்டுக்குள் சொம்பு உருண்டது.

"அய்யோ, இன்னா ஆச்சு ஆனந்தா?" முத்தம்மாளின் குரல்.

"ஒண்ணுமில்ல அண்ணி. கண்ணு இருட்டிகினு வந்துச்சு."

தேவராஜ் சுத்தியலை இறக்கவில்லை. இரும்பு பாதிதான் கிழிந்திருந்தது. பாதியில் விட்டால் ஜேசுராஜ் மறுபடியும் சிரிப்பான். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்று நினைத்தான், நினைத்துக்கொண்டே அடித்தான்.

புளிக்கரைசலை எடுத்தபோது துளையின் விளிம்பு ஏற்கெனவே ஈரமாக இருந்தது. செம்பழுப்பு. சுடுகிற இரும்பு கசியுமா என்ன? முந்தின நாள் சிந்தின புளியாக இருக்கும் என்று துடைத்துவிட்டு, தொப்பியைச் சாக்கில் கட்டி சைக்கிளில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

ஜேசுராஜ் தொப்பியைக் கவிழ்த்துப் பார்த்தான். சிரிக்கவில்லை. கம்பியை எடுத்து மேல் துளையில் விட்டான். கம்பி போய், நடுவில் நின்றது. வெறும் காற்று இருக்கிற இடம் அது. ஜேசுராஜ் புருவத்தைச் சுருக்கி, கட்டைவிரலால் அழுத்தினான். மெத்தென்று ஏதோ வழிவிட்ட மாதிரி கம்பி நகர்ந்து, காதோரத் துளையில் முனை நீட்டியது. நேராக. அப்படியொரு நேர்.

வெளியே இழுத்தபோது கம்பி நனைந்திருந்தது. ஜேசுராஜ் மோந்து பார்த்தான். தேவராஜுக்கும் அந்த வாசனை வந்தது. சந்தனம். அதற்கு அடியில் வேறொரு வாடை.

"ஆஸ்பத்திரில எவ்ளோ தலை பாத்துகீறேன். இது நெசம்" என்றான் ஜேசுராஜ். "எங்கேர்ந்து புடிச்சே?"

திருப்பிக் கொடு என்று சொல்ல தேவராஜுக்கு நாக்கு எழும்பியது. அந்த நேரம் பார்த்து ஜேசுராஜ் அவன் தோளில் கை போட்டான்.

"நான்தான் உன்ன தப்பா எட போட்டுட்டேன். கெட்டிக்காரன்டா நீ."

கடைத்தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"பர்மா சரக்கு" என்றான் தேவராஜ்.

"சாயங்காலம் துரைங்க நாலு பேர் வராங்க. ஒவ்வொருத்தனுக்கும் கம்பி உட்டுக் காட்னாத்தான் நம்புவான்."

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஏரிக்கரை முழுக்கத் தவளைக் கத்தலும் சேற்று வாடையும். அத்தனையையும் தாண்டி சந்தனம் கூடவே வந்தது. கையை மோந்தான். கையில் இல்லை. வேட்டியில் இல்லை. வேகமாக மிதித்தான். கருக்கலில் வீட்டு வெளிச்சம் தெரிந்தது. அழுகைச் சத்தம் எதுவும் இல்லை. அம்மா தாயே என்று மூச்சு விட்டான்.

ஆனந்தன் கூடத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். முத்தம்மாள் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள். அரிக்கேன் விளக்கு ஆனந்தனுக்கு இடப்பக்கம் மாடத்தில் எரிந்தது. மொட்டையில் புதுச் சந்தனம்.

"வாண்ணா. என் தொப்பி எங்க?"

தேவராஜ் எதிர்ச்சுவரைப் பார்த்தான். சுவரில் ஆனந்தனுடைய தலை நிழல் பெரிதாக விழுந்திருந்தது. நல்ல கறுப்பு நிழல். அதன் நடுவே ஒரு வெளிச்சப் பொட்டு. மிளகளவு. ஆனந்தன் மென்றான். பொட்டும் கூடவே அசைந்தது.

"இன்னாண்ணா அப்படிப் பாக்கறே? உக்காரு. சோறு துன்னு."

பொட்டு கறுத்தது.

ஆனந்தனின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. கண் மேலே செருகியது. வலது காதுக்குப் பின்னால், சந்தனத்தைத் தள்ளிக்கொண்டு, ஒரு முனை மெல்ல வெளியே வந்தது. சைக்கிள் கம்பி. நனைந்து பளபளத்தது. ஒரு விரற்கடை நீண்டு, நின்று, பொறுமையாக உள்ளே திரும்பிப் போனது.

சுவரில் பொட்டு எரிந்தது.

"மோர் இருக்குதா அண்ணி?" என்றான் ஆனந்தன். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த கவளத்தை உருட்டினான்.

முதல் துரை பார்த்தாயிற்று.

பொட்டு மறுபடியும் கறுத்தது.