மினோரிக்காக உருட்டிய பகடை

மணி நாலுதான். ஆனால் ஜப்பானின் வடகோடியில் இருக்கும் அசாஹிகாவாவின் ஜனவரியில் அதற்குள்ளேயே வெளிச்சம் வடிந்துவிடும். டட்சுகியின் பழைய மரவீட்டு வாசலில் நின்று ரெய்ஜி தோளில் படிந்த பனியைத் தட்டினான். உள்ளேயிருந்து மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை வந்தது. ஒரு வருஷமாக அவன் இந்தப் படியை மிதிக்கவில்லை.

"வாடா பெரிய மனுஷா! வழி ஞாபகம் இருக்கா?" டட்சுகி கதவைத் திறந்தான். "அக்கா வந்து ரொம்ப நேரமாச்சு."

அக்கா என்றால் சயோ. போன குளிர்காலத்தில், பஸ் நின்ற இடத்துக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே, பனிப்புயலில் விறைத்துச் செத்துப்போன மினோரியின் அக்கா. "அவ உசிரா நினைச்ச ஆட்டத்தை நானும் ஒரு தடவை ஆடிப் பாக்கணும்" என்று கேட்டிருந்தாள். மாட்டேன் என்று சொல்ல எந்த வாய் வரும்?

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆளுக்கொரு கதாபாத்திரம், பகடை உருட்டி அதற்குப் பலம், அறிவு, அதிர்ஷ்டம் எல்லாம் கொடுத்து உயிராக்குவார்கள். பிறகு பேசிப் பேசியே கதைக்குள் போவார்கள். கதையை நடத்துகிறவன் ரெய்ஜி.

கொதாட்சு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேசைக்கு அடியில் சிவப்பாகக் கனலும் மின்கணப்பு, அதை மூடித் தரைவரை தொங்கும் மெத்தைப் போர்வை. டட்சுகி டீ போட அடுக்களைக்குப் போனான். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த சயோ மெல்லக் கேட்டாள்.

"புது ஆளையெல்லாம் கற்பனை பண்ண எனக்குத் தெரியாதுப்பா. மினோரியையே செய்யலாமா?"

"செய்யலாம் அக்கா."

பலத்தை அவளே உருட்டினாள். அறிவையும் உருட்டினாள். அதிர்ஷ்டம் வந்ததும் பகடையை ரெய்ஜி பக்கம் தள்ளினாள்.

"இதை மட்டும் நீ உருட்டுப்பா."

ஒருவர் பாத்திரத்துக்கு இன்னொருவர் உருட்டக் கூடாது. ஆடுகிறவர்கள் உயிர் போனாலும் மீறாத வழக்கம் அது. யாராவது கேட்டால் சிரித்தபடியே கையைத் தட்டிவிடுவான் ரெய்ஜி. இன்று முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அவள் கேட்டது எதையும் மறுக்கும் தெம்பு அவனுக்கு இல்லை.

உருட்டினான்.

பகடை மேசை விளிம்பில் துள்ளிப் போர்வைக்குள் விழுந்தது. விழுந்த பகடை செல்லாது, எடுத்து மறுபடி உருட்ட வேண்டும். கையை உள்ளே விட்டுத் துழாவினான். கணப்பின் சூட்டுக்கு நடுவே ஏதோ தட்டுப்பட்டது.

ஒரு பாதம்.

ஈரமாக இருந்தது. ஐஸ் மாதிரிச் சில்லிட்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்க அக்கா, கால்ல கை பட்டுருச்சு."

"என் கால்லயா? மூட்டுவலின்னு வெளியிலதானே நீட்டிக்கிட்டு இருக்கேன்."

அடுக்களையில் டட்சுகி கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

போர்வைக்குள் இருந்த அவன் உள்ளங்கையில் யாரோ பகடையை வைத்தார்கள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டார்கள்.

கையை வெடுக்கென்று இழுத்தான். பகடை மேசையில் உருண்டு ஒன்றில் நின்றது. அதைவிடக் குறைந்த எண் பகடையில் இல்லை.

"சரியாத்தான் சொல்லுது" என்று சயோ கசப்பாகச் சிரித்தாள். "அடுத்து என்ன?"

அடுத்தது ஒரு கேள்வி. புதுப் பாத்திரம் எதுவானாலும் கடைசியில் ரெய்ஜி இதைக் கேட்பான். கேட்காமல் தப்பிக்க வழி தேடினான், கிடைக்கவில்லை.

"ஆபத்துன்னு வந்தா... முதல்ல யாரைக் கூப்பிடுவா?"

சயோ ஆரஞ்சைக் கீழே வைத்தாள்.

"அதைத்தான் ஒரு வருஷமா யோசிக்கிறேன். அவ போன் பனி உருகின பிறகும் கிடைக்கல. உனக்குத் தெரியுமா ரெய்ஜி? அன்னிக்கு யாரையாவது கூப்பிட்டிருப்பாளா?"

தெரியும். அவனைத்தான் கூப்பிட்டாள். 'பஸ் பாதியிலயே நின்னுருச்சு, கண்ணு தெரியல, வந்து கூட்டிட்டுப் போறியா?' அன்றும் புதுப் பாத்திரங்கள் செய்துகொண்டிருந்தார்கள், மேசை களைகட்டியிருந்தது. 'பக்கம்தானே, நடந்து வா' என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தான். டட்சுகியிடம்கூட மூச்சு விடவில்லை. பாவி.

போர்வைக்கடியில் அவன் பாதங்களின் மேல் இரண்டு பாதங்கள் ஏறி உட்கார்ந்தன.

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம்.

"யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டா அக்கா" என்றான்.

சயோவின் கண்கள் நிறைந்தன. "அப்பாடா! கூப்பிட்டும் யாரும் போகலைன்னா, அதைத்தான் என்னால தாங்கவே முடியாது. இனிமேயாவது தூங்குவேன்." மினோரியின் எண்கள் எழுதிய தாளை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, தரையில் கை ஊன்றிக் குனிந்து வணங்கினாள். "இவளை உன்கிட்டயே விட்டுட்டுப் போறேன். நல்லாப் பாத்துக்கோப்பா."

அந்த வணக்கம் அவனைச் செருப்பால் அடித்தது போலிருந்தது. இனி எந்தக் காலத்திலும் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் அவள் தூக்கத்தையும் அவனே பிடுங்கியதாகும்.

பாதங்களின் பாரம் மெல்ல விலகியது.

டீ குடித்து முடித்ததும் டட்சுகி கணப்பை அணைத்துவிட்டு, சயோவின் காரை மூடியிருந்த பனியை வழிக்க அவளோடு வெளியே போனான். ரெய்ஜி எழுந்து கோட்டை மாட்டினான். அறை இருண்டு கிடந்தது. மண்வெட்டி பனியைச் சுரண்டும் சத்தம் மட்டும் வெளியே கேட்டது.

கணப்பின் வயர், சுவிட்சோடு சேர்த்து, பாயின் மேல் கிடந்தது.

அது நகர்ந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ உள்ளிருந்து இழுப்பதுபோல, போர்வைக்குள் போய் மறைந்தது.

டக்.

போர்வையின் ஓரத்தில் சிவப்பு வெளிச்சம் கசிந்தது.

"குளிருதா?" என்று கேட்டான் ரெய்ஜி.

போர்வையின் ஒரு முனை மெதுவாக உயர்ந்து, அவன் உட்கார இடம்விட்டு நின்றது.