ஓடாத சாமான்

மணவாளன் மாமா மேல் எனக்கு வந்த கோபம் மாதிரி வேறு யார் மேலும் வந்ததில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் எங்களுக்கு ஓர் இரும்புக்கடை. பெயர்தான் இரும்புக்கடை. ஆணி, பூட்டு, கயிறு, வாளி, அரிக்கேன் விளக்குக் கண்ணாடி, ஏருக்குப் போடும் கொழு, அடிபம்புக்குப் போடும் தோல் வாஷர் எல்லாம் அங்கே கிடைக்கும். எது எந்த டப்பாவில் இருக்கிறது என்று எங்கள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம்.

என் பெயர் ஏலவார்குழலி. அழகான கூந்தல் உள்ளவள் என்று அர்த்தம். என் தலையில் இருப்பது எலி வால். அதனால் வெறும் குழலி போதும்.

எண்பத்து மூன்றாம் வருஷம், நான் ஆறாவது படிக்கும்போது, நைனாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மருந்துக்கும் பத்தியத்துக்கும் தாமலில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனார். உடம்பு தேற மூன்று மாதம் ஆகும் என்றார்கள். கடையைப் பார்த்துக்கொள்ள மெட்ராசிலிருந்து அம்மாவின் தம்பி வந்தார். அவர்தான் மணவாளன் மாமா.

மாமா பி.காம். படித்தவர். சட்டைப்பையில் ஒரு சீப்பு, கையில் ஒரு நீள நோட்டு. வந்த அன்றைக்கே நோட்டை விரித்துவிட்டார்.

“குழலி, வியாபாரம்னா கண்ணால பாக்கறது இல்ல. எழுதிப் பாக்கணும். ரெண்டு மாசம் எழுதறேன். வித்தது ஓடற சாமான். விக்காதது ஓடாத சாமான். ஓடாததை வெளிய தள்ளிட்டு ஓடறதை நிறைய வாங்கி வை. அவ்ளோதான்.”

மாசி, பங்குனி இரண்டு மாதமும் எழுதினார். சித்திரை பிறந்ததும் சிவப்புச் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகப் போனார். ஓடாத சாமானுக்கெல்லாம் பெருக்கல் குறி.

கொழுவுக்கும் பெருக்கல் குறி போட்டார். எனக்குச் சுருக்கென்றது.

“மாமா, ஆடியிலதான் ஏர் பூட்டுவாங்க. மாசியில யாரு கொழு வாங்குவாங்க?”

மாமா கொஞ்ச நேரம் கொழுவையே பார்த்தார். மெட்ராசில் யாரும் உழுவதில்லை போலிருக்கிறது. குறியை அழித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார். அங்கே வாஷர் டின் இருந்தது. தை மாதத்தில் நைனா வாங்கி வைத்தது. உள்ளே பன்னிரண்டு வாஷர்.

“இதுல ரெண்டு மாசத்துல ஒண்ணுகூடப் போகல.”

“நைனா வருஷா வருஷம் வாங்கி வைப்பாரு மாமா.”

“எப்ப விக்கும்? சொல்லு பாக்கலாம்.”

எனக்குத் தெரியவில்லை. நைனாவுக்குத்தான் தெரியும். நைனாவோ தாமலில் கீழாநெல்லி குடித்துக்கொண்டிருந்தார்.

“தெரியாதுல்ல? அப்ப தள்ளு” என்று டின் மேல் பெரிய பெருக்கல் குறி போட்டார் மாமா.

காஞ்சிபுரத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் சேட்டு புதன்கிழமை வண்டியோடு வந்தார். பெருக்கல் குறி போட்ட எல்லாம் மூட்டையாகி அவர் வண்டியில் ஏறின. காலியான இடத்தில் மாமா பிளாஸ்டிக் குடம் அடுக்கினார். சிவப்பு, பச்சை, நீலம். அப்போதுதான் பிளாஸ்டிக் குடம் ஊருக்குப் புதிது. மழை பொய்த்த வருஷம் வேறு. எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று எல்லாரும் அலைந்தார்கள். குடம் மளமளவென்று விற்றது. மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நான் நாள் முழுக்கக் கடையில்தான் இருந்தேன். அப்போதுதான் செங்கேணி அக்கா வந்தார்.

காவாந்தண்டலம் பக்கத்தில் ஒரு காலனியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். “அண்ணே, அடிபம்பு வாஷர் கீதா? எங்க தெருவுல நாப்பது வூட்டுக்கு ஒரே பம்பு. எம்மாம் நேரம் அடிச்சாலும் காத்துதான் வருது.”

வாஷர் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பம்புக்குள்ளே தண்ணீரைப் பிடித்து மேலே இழுப்பது அதுதான். அது தேய்ந்துவிட்டால் பம்பு வெறும் இரும்புக் கழி.

மாமா சிரித்த முகத்தோடு சொன்னார். “நாளைக்கு வரும்மா.”

இங்கே எங்கள் கடைத்தெரு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடையில் உட்கார்ந்துகொண்டு ‘இல்லை’ என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொன்னால் ஒன்றுமே இல்லாமல் போய்விடும் என்று பயம். உப்பு தீர்ந்தாலும் ‘நிறைஞ்சு கீது’ என்பார்கள். ஆணி தீர்ந்தால் ‘வந்துகினு கீது’ என்பார்கள். நைனாவும் அப்படித்தான் சொல்வார். ஆனால் நாளைக்கு வரும் என்று நைனா சொன்னால் அன்றைக்கே ஆள் அனுப்பி வரவழைத்துவிடுவார். மாமா வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் வேறு ஊர்க்காரர்கள் மூன்று பேர் வாஷர் கேட்டு வந்தார்கள். “நாளைக்கு வரும்.” அதற்கு மறுநாள் செங்கேணி அக்கா திரும்பவும் வந்தார். கூட இன்னும் நாலைந்து பேர். “நாளைக்கு வரும்.”

“எப்படி மாமா நாளைக்கு வரும்? நீ ஆர்டரே போடலியே.”

“போடறதுக்கு அது ஓடற சாமான் இல்லியே. இதோ பாரு, என் நோட்டுல இந்த மாசமும் வாஷர் சைபர்.”

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. இல்லாத சாமான் எப்படி விற்கும்? விற்காத சாமானை நோட்டில் எப்படி எழுதுவார்? எழுதாத சாமானை எப்படி வாங்குவார்? இந்த நோட்டை வைத்துக்கொண்டால் மாமா செய்வதெல்லாம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

நான் ஏற்கெனவே என் பங்குக்கு ஒரு நோட்டு போட்டிருந்தேன். சேட்டு வண்டி போன பிறகு, ‘எப்ப விக்கும், சொல்லு பாக்கலாம்’ என்று மாமா கேட்டது மனசில் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று பாதி காலியாக இருந்தது. ஒரு சாமானுக்கு ஒரு வரி. ஒரு நாளுக்கு ஒரு கட்டம். யாராவது கேட்டால் ஒரு புள்ளி. வாங்கினாலும் புள்ளி, வாங்காமல் போனாலும் புள்ளி. வாங்காமல் போனவர்களின் ஊரையும் பேரையும் பின்பக்கத்தில் எழுதினேன்.

இரண்டு வாரத்தில் நோட்டு வேடிக்கையாக மாறிவிட்டது. ஆணி வரியில் கோலத்துக்கு வைத்தது போல் தினமும் நாலைந்து புள்ளி. கயிறு வரியிலும் தினமும் புள்ளி உண்டு, ஆனால் ஒரு நாள் ஒன்று இருக்கும், சந்தை நாளில் பதினைந்து இருக்கும். விளக்குக் கண்ணாடிக்கு எப்போதாவது ஒற்றைப் புள்ளி. வாஷர் வரி எல்லாவற்றையும்விட விசித்திரம். முதல் பத்து நாள் வெறும் வெள்ளை. அப்புறம் நாலே நாளில் ஒன்பது பேர்.

ஏன் எல்லாரும் சேர்ந்தாற்போல் வருகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நாலாம் நாள் செங்கேணி அக்கா மூன்றாவது தடவையாக வந்தபோது கேட்டேன்.

“போன தடவை எப்பக்கா வாஷர் மாத்துனீங்க?”

“போன சித்திரைல பாப்பா. கோடையில தண்ணி கீய போய்டுது. ரொம்ப நேரம் அடிக்கணும். மணலும் ஏறி வருது. அதுல தேஞ்சிடுது. சுத்துப்பட்டுல எல்லாப் பம்பும் ஒரே வருசத்துல போட்டதுதானே. எல்லாம் ஒண்ணா இருமும், ஒண்ணா படுத்துக்கும்.”

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. நைனா ஏன் வருஷா வருஷம் தை மாதம் டின் வாங்கி வைக்கிறார் என்றும் புரிந்தது.

“இப்ப தண்ணிக்கு இன்னாக்கா பண்றீங்க?”

செங்கேணி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “ஒருத்தர் பம்புசெட்டுக்குப் போறோம். தொட்டிய நாங்க தொடக் கூடாதாம். யாராவது மனசு வந்து ஊத்தற வரிக்கும் வெயில்ல நிக்கணும். எம் பொண்ணு நேத்து நின்னுகினே மயங்கி வுழுந்துட்டா.”

அவர் பெண்ணுக்கு ஆறு வயதுதானாம்.

மாமாவும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டுவிட்டு, ஒரு பச்சைக் குடத்தைத் தட்டிக் காட்டினார். “இது லேசும்மா. தூரத்துலருந்து தூக்கினு வர சௌகரியம்.”

செங்கேணி அக்கா குடத்தையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். “குடம் கீது அண்ணே. ஊத்தறதுக்குத் தண்ணி வேணாமா? வாஷர் எப்ப வரும், அதைச் சொல்லு.”

“நாளைக்கு வ…”

“இல்லை” என்றேன்.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆணி வாங்க வந்தவர் பொட்டலத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“எங்க கடையில வாஷர் இல்லை. நாளைக்கும் வராது. நாளான்னிக்கும் வராது. மாமா அதைச் சேட்டுக்குப் போட்டுட்டாரு” என்றேன்.

மாமாவின் காது சிவந்துவிட்டது. “குழலி, கடையில உக்காந்துகினு இன்னா வார்த்தை சொல்ற நீ?”

“அந்த வார்த்தைய மொத நாளே யாராவது சொல்லியிருந்தா, நான் அன்னிக்கே காஞ்சிபுரம் போயிருப்பேன்” என்றார் செங்கேணி அக்கா. சத்தம் போடவில்லை. “மூணு நாள் கூலி போச்சு. எம் பொண்ணு வுழுந்திருக்க மாட்டா.”

சொல்லிவிட்டுக் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டார். “நாளைக்கு வரும்னு மூணு தபா சொன்னே இல்ல. வர்ற வரிக்கும் நான் இங்கியே கீறேன்.”

மாமா அவசரமாகத் தன் நோட்டை எடுத்தார். “இதுல வாஷர் கேட்டு வந்ததா ஒரு வரிகூட…”

நான் என் நோட்டை அதன் மேல் வைத்தேன். “கேட்டவங்க இதுல இருக்காங்க மாமா. ஒன்பது பேர். ஊரு, பேரு எல்லாம் கீது.”

மாமா புள்ளிகளைப் பார்த்தார். ஆணி வரியைப் பார்த்தார், கயிறு வரியைப் பார்த்தார். வாஷர் வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. பக்கத்தைத் திருப்பிப் பெயர்களைப் படித்தார். செங்கேணி என்ற பெயர் மூன்று இடத்தில் இருந்தது.

சட்டைப்பையிலிருந்த சீப்பை எடுத்து மேசை மேல் வைத்தார். செருப்பை மாட்டினார். “கடையைப் பாத்துக்கச் சொல்லி உங்கம்மாவைக் கூப்பிடு” என்று சொல்லிவிட்டுக் காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். தலை வாராமல் மாமா வெளியே போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்மா வந்து செங்கேணி அக்காவுக்கு மோரும் சோறும் கொடுத்தார். வெயில் தாழும்போது மாமா டின்னோடு வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் துரு. சேட்டு கடையில் மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தேடினாராம். உள்ளே பத்துதான் இருந்தது. சேட்டு இரண்டை விற்றுவிட்டாராம்.

“சேட்டுக்கு ஓடுது பாரு” என்றார் அம்மா.

முதல் வாஷர் செங்கேணி அக்காவுக்கு. மாமா அதற்குக் காசு வாங்கவில்லை. அதற்காக நான் அவரை மன்னித்துவிடவில்லை. கடைசி பஸ் போய்விடப் போகிறது என்று சைக்கிளில் அக்காவை உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டு வரை மிதித்ததும் மாமாதான். அதற்குக் கொஞ்சம் மன்னித்தேன். மீதி எட்டுப் பேருக்கும் என் நோட்டின் பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்பினோம். இரண்டே நாளில் வந்து வாங்கிப் போனார்கள். பத்தாவதும் மூன்றாம் நாள் போனது.

நாலாம் நாள் மாமா மொத்தக் கடைக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். உடனே நூற்று இருபது வாஷர் அனுப்பவும் என்று இருந்தது.

“இன்னா மாமா இது?”

“பத்து வாஷர் மூணே நாள்ல போச்சு. இதைவிட ஓடற சாமான் எது?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. “எல்லாப் பம்புக்கும் புதுசு போட்டாச்சே மாமா. அது அடுத்த சித்திரை வரைக்கும் உழைக்கும். இப்ப வாங்கினா எலிதான் தின்னும்.”

மாமா கார்டைக் கிழித்துப் போட்டார். பிறகு என் நோட்டை இழுத்துவைத்து, “இந்தப் புள்ளி எப்பிடி வைக்கறதுன்னு காட்டு” என்றார். காட்டினேன். தன் நீள நோட்டில் புதிதாக ஒரு பக்கம் கோடு போட்டு, மேலே தலைப்பு எழுதப் பேனாவை வைத்தார். கை தயங்கியது. அந்த வார்த்தையை எழுதுவதற்குக்கூட அவருக்குப் பயம்.

“எழுது மாமா. ஒண்ணும் ஆகாது.”

‘கேட்டார்கள், இல்லை’ என்று எழுதினார்.

நைனா தேறி வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு என் எலி வாலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

மறு வருஷம் தை மாதம் இரண்டு டின் வாஷர் வாங்கி வைத்தோம். மாசியில் ஒன்றுகூட விற்கவில்லை. பங்குனியிலும் இல்லை. டின் மேல் தூசி படிந்தது. விடுமுறைக்கு வந்த மாமா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூசியைத் தட்டிவிட்டு அதே இடத்தில் வைத்தார்.

சித்திரை பிறந்து எட்டாம் நாள், செங்கேணி அக்கா தன் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். நேரே என்னிடம் வந்தார்.

“வாஷர் கீதா பாப்பா?”

“கீதுக்கா” என்றேன்.